பாடியவர் கேட்காத கடைசி வரி

முப்பத்தைந்தோ முப்பத்தாறோ, ஆண்டு சரியாக நினைவில்லை. புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி பறந்த காலம். எனக்குப் பதினேழு வயது. மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த தெருவில் எங்கள் வீடு. அப்பாவுக்குக் கோர்ட்டில் உத்தியோகம். நான் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டில் குழாய் வைத்த கிராமபோன் ஒன்று இருந்தது. பிரெஞ்சு படித்த வீடு என்பதால் அதை 'போனோ' என்போம். அந்த வருடம் ஊர் முழுக்க ஒரே பாட்டுத்தான். வராத ஒருவருக்காக விளக்கேற்றி வைத்துக் காத்திருக்கும் பெண் பாடுவதாக வரும். காப்பிக் கடை, கல்யாண வீடு, கடற்கரையில் காற்று வாங்க வந்தவர்கள் வாய் என்று எங்கும் அதுதான். பாடியவர் ஒரு நாடக நடிகை. எங்களில் யாருக்கும் முகம் தெரியாது. நாங்களெல்லாம் நாடகக் கொட்டகைப் பக்கம் போகிறவர்கள் இல்லை. அந்தக் குரல் மட்டும் எனக்குள் புகுந்துவிட்டது. பாடம் படிக்கும்போதும் அது ஓடிக்கொண்டே இருக்கும்.

தவக்காலம் வந்தது. அது தொடங்கும் விபூதிப் புதன் அன்று அம்மா போனோவின் மேல் ஒரு பழைய வேட்டியைப் போர்த்திவிடுவார். ஈஸ்டர் வரைக்கும் வீட்டில் கறி இல்லை, பாட்டும் இல்லை. எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் இதே வழக்கம். யார் வீட்டிலாவது பாட்டுச் சத்தம் கேட்டால் ஞாயிற்றுக்கிழமை பூசை தொடங்குமுன் கோயில் வாசலில் அது பேச்சாகிவிடும்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பாவும் அம்மாவும் கோயிலில் சிலுவைப் பாதை செபத்துக்குப் போனார்கள். படிக்க வேண்டும் என்று சொல்லி நான் தங்கிவிட்டேன். அவர்கள் தெருமுனை திரும்பியதும் கதவைச் சாத்தி, குழாய்க்குள் ஒரு துண்டைத் திணித்து, சாவி கொடுத்து, அந்தப் பாட்டின் இசைத்தட்டைப் போட்டேன். குழாயோடு காதை ஒட்டிக்கொண்டு கேட்டேன்.

கடைசிச் சரணம் தொடங்கியபோது யாரோ கதவைத் தட்டினார்கள். பதறிப்போய் முள்ளைத் தூக்கினேன். அது வழுக்கித் தட்டின் மேல் ஒரு கோடு போட்டது. வேட்டியை இழுத்துப் போர்த்திவிட்டுப் போய்க் கதவைத் திறந்தேன்.

முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். சாயம் போன நீலச் சேலை, நெற்றியெல்லாம் வியர்வை.

"தம்பி, இப்ப உள்ள பாடுச்சே ஒரு பிளேட்டு..."

அவர் முடிப்பதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. குழாய்க்குள் கேட்ட அதே குரல் வாசலில் நின்று பேசியது.

"இங்க ஒண்ணும் பாடலயே" என்றேன்.

"பாடுச்சு தம்பி. எனக்கு முக்காடு போட்டு உக்கார வெச்சுப் பாடச் சொன்ன மாதிரி கேட்டுச்சு" என்று சிரித்தார். "அது நான் பாடுனது. மெட்ராஸ்ல பாடிட்டு அப்படியே ரங்கூனுக்கு நாடகத்துக்குப் போயிட்டோம். இப்பத்தான் திரும்பி வந்தோம். இன்னும் நான் முழுசா கேக்கல."

"காப்பிக் கடையில போடுறாங்க" என்றேன்.

"அங்கயும் நின்னு பாத்தேன். டம்ளர் கழுவுற சத்தத்துல பாதி போச்சு. அதுக்குள்ள உள்ள இருந்தவனுங்க என்னையப் பாத்துப் பாட ஆரம்பிச்சுட்டானுங்க. மானம் போச்சுன்னு வந்துட்டேன்."

பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னார். பாட்டைப் பதிவு செய்யும்போது, நேரம் முடியப்போகிறது என்று ஒருவன் கையை ஆட்டியிருக்கிறான். பயத்தில் கடைசி வரியில் இவருக்கு மூச்சு அடைத்துக்கொண்டது. பாட்டு பதிந்த மெழுகுத் தட்டு கெட்டுவிடும் என்று அங்கே திருப்பிப் போட்டுக் காட்டவில்லை.

"கம்பெனியில இன்னொரு பிளேட்டுக்குக் கூப்பிடுறாங்க. நாடகக்காரங்க சைகோனுக்குக் கூப்பிடுறாங்க. நாளன்னிக்குக் கப்பல். அந்தக் கடைசி வரி ஒழுங்கா விழுந்திருந்தா மெட்ராஸ் போவேன். அசிங்கமா இருந்தா இனிமே அந்த மைக்கு முன்னாடி நிக்கவே மாட்டேன்."

"எல்லாரும் நல்லாருக்குன்னுதான் சொல்றாங்க."

"மொகத்துக்கு நேரா வேற என்ன சொல்லுவாங்க? என் காதால கேக்கணும் தம்பி. அந்த எடம் மட்டும் போதும். உள்ள கூட வரல, இப்படியே வாசல்ல நிக்கிறேன்."

அம்மாவும் அப்பாவும் திரும்ப இன்னும் நேரம் இருந்தது. எதிர்வீட்டு ஜன்னல் பாதி திறந்திருந்தது. நான் அந்த ஜன்னலைத்தான் பார்த்தேன்.

"தவக்காலம். எங்க வீட்டுல பாட்டுப் பெட்டியைத் தொடமாட்டோம். ஈஸ்டருக்கு அப்புறம் வாங்க."

அவர் என் தோளுக்கு மேல் பார்த்தார். அவசரத்தில் போர்த்திய வேட்டி கோணலாகத் தொங்கியது; குழாயிலிருந்து துண்டின் முனை வெளியே தெரிந்தது. எல்லாவற்றையும் பார்த்தார். கோபப்படவில்லை.

"நாந்தான் தட்டியிருக்கக் கூடாது. சும்மா நின்னிருந்தா முழுசா கேட்டிருப்பேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

பயந்துபோய்ச் சொன்னேன் என்று மட்டும் எழுதினால் இது இன்னொரு பொய்யாகிவிடும். நாடகக்காரி எங்கள் வாசலில் நிற்பதை நாலு பேர் பார்ப்பதா என்ற எண்ணமும் என்னிடம் இருந்தது. அந்தக் குரல் வீட்டுக்குள் வரலாம், அந்த ஆள் வரக்கூடாது. அவ்வளவுதான் அன்றைய என் படிப்பு.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். தவக்காலத்தில் பாட்டுக் கேட்டதைச் சாமியாரிடம் சொன்னேன். பரிகாரமாகச் சில மந்திரங்கள் சொல்லச் சொன்னார், முழந்தாளிட்டுச் சொன்னேன். வாசலில் நின்றவரைப் பற்றிச் சொல்லவில்லை. அது ஒரு பாவமாகவே எனக்குத் தோன்றவில்லை.

ஈஸ்டர் அன்று விருந்து முடிந்ததும் அப்பாவே அந்தப் பாட்டைப் போடச் சொன்னார். கோடு விழுந்த இடத்தில் முள் ஒரு முறை துள்ளியது. அப்பா என்னைப் பார்த்தார். கடைசி வரி வந்தது. அதில் குரல் ஒரு கணம் நின்று, திக்கி, மீண்டும் எழும்.

"இந்த எடத்துல மூச்சு நின்னு வருது பாரு" என்றார் அம்மா. "இதுக்காகத்தான் இந்தப் பாட்டையே கேக்குறது. வேற யாருக்கு வரும் இது?"

எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. கப்பல் போயிருக்கும் என்று தெரிந்தும், அவர் மட்டும் தங்கியிருக்கமாட்டாரா என்று நாடகக்காரர்கள் தங்கியிருந்த வீட்டைத் தேடிப் போனேன். பூட்டியிருந்தது. எல்லோரும் கப்பலேறிவிட்டதாகப் பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். அந்த அம்மாளும் போனாரா என்று கேட்டேன். "அவங்கதான் முதல்ல பொட்டியக் கட்டுனாங்க" என்றார்.

பின்னொரு வருடம் அந்தக் குழு திரும்பி வந்தது. இந்த முறை எதிர்வீட்டு ஜன்னலைப் பாராமல் கொட்டகைக்கே போனேன். ஆர்மோனியக்காரரிடம் விசாரித்தேன்.

"அவங்களா? சைகோன்லயே ஒரு மளிகைக் கடைக்காரரைக் கட்டிக்கிட்டு இருந்துட்டாங்க. பாட்டெல்லாம் விட்டாச்சு. கேட்டா, அது எனக்கு வரல, விடுங்கம்பாங்க."

எனக்கு இப்போது வயதாகிவிட்டது. பழைய பாட்டுகளில் பிரியமுள்ளவர்கள் சிலர் என்னிடம் வந்து பேசுவார்கள். இவ்வளவு நன்றாகப் பாடியவர் ஏன் ஒரே ஒரு தட்டோடு நின்றுவிட்டார் என்று கேட்பார்கள். கல்யாணம் ஆகியிருக்கும் என்பார் ஒருவர். தொண்டை போயிருக்கும் என்பார் இன்னொருவர். தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இதுவரை யாரிடமும் சொல்லவில்லை, இப்போதுதான் எழுதுகிறேன்.

என் பேரன் அந்தப் பாட்டை எங்கிருந்தோ கேசட்டில் பதிந்து தந்திருக்கிறான். கடைசி வரியில் அந்த மூச்சு நிற்கும்போது என் மூச்சும் நிற்கிறது. பாட்டு முடிந்தபின் வரும் நிசப்தத்தில், அவர் பாடாமலே போன அந்த அடுத்த பாட்டு எப்படி இருந்திருக்கும் என்று ஏங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.