பதினாறு சாயலில் முத்தம்மாக்கா

ஸ்டுடியோக்காரர்கள் படத்தைப் பெரிதாக்கிப் பிழைப்பார்கள். நான் சுருக்கிச் சுருக்கியே பிழைக்கிறவள்.

என் போட்டோக் கடை பந்தலூர் பஜாரில். பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் வருகை பதிய ஒரு பழைய கைமிஷின் வைத்திருக்கிறார்கள். செங்கல் கனம், தீப்பெட்டி அளவுத் திரை. ஆளின் எண்ணை அமுக்கினால் அவர் படம் வரும். முகம் ஒத்துப்போனால்தான் அன்றைக்குப் பேர் விழும், கூலி உண்டு. வண்ணம் கிடையாது. வெள்ளையிலிருந்து கறுப்பு வரை மொத்தமே பதினாறு சாயல். என் கேமராவின் ரா ஃபைலோ பார்த்தது எதையும் விடாமல் வைத்திருக்கிற ராட்சச ஃபைல். எஸ்டேட் ஆட்களைப் படமெடுத்து, அதை இதற்குள் அடைப்பதுதான் எனக்குக் கொடுத்த வேலை. செத்துப்போன மிஷினோடு மல்லுக்கட்டும் என் இனத்தாரே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

கேட்பாரில்லாத ஃபார்மட்

அந்த மிஷின் தனக்கென்று ஒரு ஃபைல் வகை வைத்திருந்தது. செய்த கம்பெனிக்குப் போன் போட்டால், "அந்த மாடலை விட்டாச்சு மேடம், புதுசு வாங்கச் சொல்லுங்க" என்றார்கள். எஸ்டேட் வாங்காது. படத்தை மாற்றும் சாஃப்ட்வேரின் சிடி மட்டும் ஆபீஸ் பீரோவில் கிடைத்தது. என் கம்ப்யூட்டர் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

விடுவேனா? கூடலூரில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் மலையாளி பஷீர்க்காவிடம் போய், மூலையில் தூசி படிந்து கிடந்த ஒரு பழைய கம்ப்யூட்டரை எழுப்பினேன். மூன்று முறை அணைந்து நாலாவது முறை சிடி ஓடியது. பஷீர்க்கா ஒயரைச் சுற்றிக் கையில் கொடுத்தார்.

"சேச்சி, ஓடுற வரைக்கும் ஓடும். நின்னுபோனா என்னெத் திட்டக்கூடாது, கேட்டோ!"

ஒரே கறுப்பு

எல்லாருடைய படத்தையும் சாஃப்ட்வேர் போக்கிலேயே மாற்றிக் கொடுத்துவிட்டேன். மூன்றாம் நாள் காலை, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு கொழுந்தெடுக்கும் முத்தம்மாக்கா கடைக்குள் வந்தார். திரையில் ஒரு கறுப்புத் திட்டும் இரண்டு வெள்ளைப் புள்ளியும்தான் தெரிந்ததாம். "இது நீங்க இல்ல, வேற யாரோ பேர்ல வந்திருக்கீங்க" என்று சூப்பர்வைசர் திருப்பி அனுப்பிவிட்டார். அன்றைய பேர் போச்சு.

படத்தைப் பார்த்தேன். வெளுத்த நிறத்துக்கெல்லாம் சாயலை வாரிக் கொடுத்த சாஃப்ட்வேர், கறுத்த முகங்களை ஒரே மையாக அப்பியிருந்தது. கவனிக்காமல் கொடுத்தது நான். வெட்கமாக இருந்தது; "தப்பு என் மேலதான்க்கா" என்றேன். அவர் படங்கை இறுக்கிக் கட்டினார்.

"எம் மூஞ்சி சரியாத்தான் இருக்கு. ஒங்க மிஷினைக் கழுவுங்க."

வெள்ளையடிக்கச் சொன்னவர்

எஸ்டேட் ஆபீசுக்குப் போனேன். ஹெட் கிளார்க் கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர், தன்மையானவர்தான். "எல்லாரையும் கொஞ்சம் வெளுப்பாக்கி உட்டுருங்க, பளிச்சுனு தெரியும்" என்றார். ஒரு படத்தில் செய்து பார்த்தேன். முகம் தெரிந்தது, ஆனால் அது முத்தம்மாக்கா இல்லை.

"மாட்டேன்" என்றேன். வேறு ஆளிடம் கொடுப்பதாகச் சொன்னார். கொடுங்கள் என்றேன். அந்தப் பழைய ஃபார்மட்டோடு மாரடிக்க வேறு யாரும் இல்லை என்பது இருவருக்குமே தெரியும். ஒவ்வொரு ரா ஃபைலையும் மறுபடி திறந்து, கையாலேயே சாயல் பிரித்தேன். பின்சுவருக்கு ஒன்று, சேலைக்கு நாலு, மிச்சம் பதினொன்றும் முகத்துக்கே. இரண்டு வாரம் ஓடியது; அதுவரை பேரை நோட்டில் எழுதிக்கொண்டார்கள். நடுவில் எட்டிப் பார்த்த ஹெட் கிளார்க் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏனுங்க, இத்துனூண்டு படத்துக்கு இத்தன வீம்புங்களா?"

பேர் போடும் இடம்

படங்களை ஏற்றிய மறுநாள் காலை நானும் போய் நின்றேன். ஒரே மஞ்சுப் பனி. சூப்பர்வைசர் எண்ணை அமுக்கினார், திரையைப் பார்த்தார், முத்தம்மாக்காவைப் பார்த்தார். மறுபடி திரை. பேர் விழுந்தது. ஆனால் அக்கா நகரவில்லை.

"அன்னிக்கித் திருப்பி அனுப்புனீங்களே, அந்த நாளுக்கும் போடுங்க."

"அது முடிஞ்சுபோச்சுக்கா."

பின்னால் நின்ற பெண்கள் ஒருவரும் எண் சொல்லவில்லை. கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்றார்கள். நான் அந்த முதல் படத்தையும் புதுப் படத்தையும் பிரிண்ட் போட்டு எடுத்துப் போயிருந்தேன். இரண்டையும் நீட்டி, "கெடுத்தது நானும் மிஷினும். அவங்க இல்லை" என்றேன். ஹெட் கிளார்க் வந்தார், பார்த்தார், பழைய நாளைத் திறந்து பதியச் சொன்னார். சூப்பர்வைசர் அமுக்கிவிட்டு நிமிர்ந்தார்.

"தெரியுதுக்கா, கன்னத்து மருவோட தெரியுது. போய்க் கொழுந்தெடுங்க."

அடுத்த வருஷம் புது மிஷின் வரப்போகிறதாம். வரட்டும், அதனோடும் சண்டை போட எனக்குத் தெம்பு இருக்கிறது.