பதின்மூன்றாவது வரி

1961 மார்ச் 4: மடிப்புக் கேமரா, 140.
1987 செப்டம்பர் 19: கனத்த கேமரா, 2,350.
1996 ஜூன் 2: பிலிம் சுருள் இரண்டு, 180.
1996 ஜூன் 11: கழுவி அச்சிட்ட கூலி, 96.

இந்த நான்கு வரிகளும் எடை ஆய்வாளரின் நோட்டில் உள்ளவை. முப்பத்து மூன்று ஆண்டுகள் கடை கடையாக ஏறி இறங்கித் தராசுகளுக்கு முத்திரை குத்தியவர். கடைக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் 'குன்றிமணி' என்று சொல்வார்கள். அது அவருக்கும் தெரியும்.

ஓய்வு பெற்றதும் மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள்: அலமாரியில் ஒரு கேமராவுக்குத்தான் இடம். மற்றது, எட்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் அவளுடைய தம்பிக்கு. தம்பி வெளியூரில் பல் மருத்துவர். அவருக்கோ இரண்டு கேமராவும் பெற்ற பிள்ளை மாதிரி. எதைக் கொடுப்பது?

இரண்டிலும் சுருளுக்குப் பன்னிரண்டு சதுரப் படங்கள். இரண்டிலும் கண்ணாடி வழியே இரட்டையாகத் தெரியும் உருவம் ஒன்றாகும்வரை வளையத்தைத் திருக வேண்டும். மடிப்புக் கேமரா துருத்தியைச் சுருக்கிக்கொண்டு கோட்டுப் பைக்குள் அடங்கிவிடும். ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் பிறகு நாமே நினைவாகச் சுருளை நகர்த்த வேண்டும். கனத்தது அரைச் செங்கல். சுருளை நகர்த்தாவிட்டால் பூட்டிக்கொண்டு அடுத்த படத்துக்கு மறுத்துவிடும். அவர் மனம் பூட்டின் பக்கம்தான். ஆனாலும் சோதிக்காமல் முத்திரை குத்துகிறவரா அவர்?

ஜன்னலோரம் மனைவியை உட்காரவைத்து, அவள் மூக்கு நுனியிலிருந்து நாடா பிடித்தார்.

"ரெண்டு மீட்டர் பத்து. அசையாத."

"நான் என்ன அரிசி மூட்டையா, அளந்து முத்திரை குத்த? சீக்கிரம் ஆகட்டும், அடுப்புல பால் இருக்கு."

மடிப்புக் கேமராவில் ஐந்தாவது படத்தை எடுத்து, வேகம், ஒளித்துளை, தூரம் எல்லாம் எழுதி முடிப்பதற்குள் பால் பொங்கிவிட்டது. அவள் எழுந்து ஓடினாள். துணியோடு அவரும் ஓடினார். திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவர் அடுத்ததை எடுத்தார்.

அச்சுகள் வந்ததும் பூதக்கண்ணாடி வைத்து இமைமுடிகளை எண்ணினார். கனத்தது மயிரிழையில் ஜெயித்தது. ஆனால் ஒன்று இடித்தது. மடிப்புக் கேமராவுக்கு நோட்டில் பதின்மூன்று வரிகள், படமோ பன்னிரண்டு. ஐந்தாவது படத்தில் முறைக்கும் மனைவியும் சிரிக்கும் மனைவியும் ஒரே நாற்காலியில் தோளோடு தோள் உட்கார்ந்திருந்தார்கள்.

"தப்பு நடந்துபோச்சு," என்றார் குன்றிப்போய். "சுருளை நகர்த்தாம விட்டுட்டேன்."

அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "இது ஒண்ணுதாங்க என்னை மாதிரியே இருக்கு. அந்தக் கனத்தது இந்தத் தப்பைப் பண்ணுமா?"

"பண்ணாது. பூட்டிக்கும்."

"அப்ப அதையே தம்பிக்கு அனுப்பிடுங்க."

இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள், தானும் அந்தப் படத்தைத்தான் மறுபடி மறுபடி எடுத்துப் பார்ப்பதைக் கண்டுகொண்டார். கனத்த கேமராவைப் பஞ்சில் சுற்றி, படத்தின் பிரதி ஒன்றும் சேர்த்து அனுப்பிவைத்தார்.

மச்சானிடமிருந்து மூன்று கடிதங்கள் வந்தன, மூன்றிலும் ஒரே பாட்டு: "அத்தான், என் வீட்டுக்காரியையும் ரெண்டாக்கணும், இந்தப் பூட்டு விடமாட்டேங்குது. மாத்திக்கலாமா?" மூன்றுக்கும் ஒரே பதில்: "முடியாது."

நான்காவதில் இப்படி இருந்தது: "சரி அத்தான், இனிமே கேக்கமாட்டேன். அக்கா படத்துல மட்டும் இன்னொண்ணு அனுப்புங்க. முதல்ல வந்ததைக் கிளினிக்ல மாட்டிட்டேன். பாக்கறவங்க எல்லாம் வாய்விட்டுச் சிரிக்கறாங்க. கடவாய்ப் பல்லு வரைக்கும் தெரியுது."

நோட்டை எடுத்து அவர் எழுதினார்: கேமராவை மாற்றுவது பற்றி மச்சானின் கடைசிக் கடிதம், 1996 ஆகஸ்ட் 23, வெள்ளி.