என்னைக் கேட்காமல் வளர்ந்த துளசி

அந்தச் செடி வளர்ப்புக் கையேட்டைக் கடையில் முதல் நாள் அடுக்கி வைத்ததே நான்தான். கல்லாவுக்குப் பக்கத்தில், வருகிறவர் கண்ணில் படும்படி வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். அட்டையில் அதை எழுதியவள் பெயர் இருந்தது. உள்ளே முதல் பக்கத்தில், ‘கடையில் இருக்கும் அக்காவுக்கு நன்றி’ என்று ஒரு வரி. அக்கா என்று மட்டும்தான்.

எங்கள் செடிக்கடை சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் இருக்கிறது. காலையில் கிராஞ்சித் தோட்டத்திலிருந்து லாரியில் செடிகள் வரும். துளசி, கறிவேப்பிலை, மல்லிகை, வெற்றிலை, கற்பூரவள்ளி, சமையலுக்கு வாசனை சேர்க்கும் பண்டான். நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது என் மகள் தொடக்கப்பள்ளியில் இருந்தாள். இப்போது அவளே வேலைக்குப் போகிறாள். நான் உயர்நிலைப்பள்ளியோடு படிப்பை நிறுத்தியவள். பேசக் கூச்சப்படுகிறவள். ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்து எல்லோரும் கோவில் வாசலில் நின்று பேசும்போது, நான் குடையைத் தேடுகிறவள்போல் பைக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருப்பேன். குடை எங்கே இருக்கிறதென்று எனக்கு நன்றாகவே தெரியும்.

கடையில் மட்டும் அப்படியில்லை. அங்கே யாரிடமும் நானாகப் போய்ப் பேசவேண்டியதில்லை. அவர்களே வந்து கேட்பார்கள். “ஆன்டி, இலையெல்லாம் மஞ்சளாப் போச்சு, பாருங்க” என்று கைப்பேசியை நீட்டுவார்கள். சிலர் வாடிய இலையை டிஷ்யூவில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்து, ரயிலேறிக் கொண்டுவருவார்கள். நான் அதை வாங்கித் திருப்பிப் பார்ப்பேன். அவர்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஒரு நாளில் எனக்குக் கிடைத்த பேச்செல்லாம் அதுதான். அதுவே எனக்குப் போதுமாகவும் இருந்தது.

கையேடு வந்த பிறகு அந்தக் கேள்விகள் குறைந்தன. ஆட்கள் வருவார்கள், அந்தப் புத்தகத்தை எடுப்பார்கள், நின்றபடியே புரட்டுவார்கள். “ஓ, இதான் விஷயமா” என்று தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள். பிறகு என்னிடம் வந்து, பை மட்டும் கேட்பார்கள்.

அதை எழுதியவள் என்னோடு வேலை செய்கிறவள். என்னைவிட இளையவள். ஏதோ ஓர் அலுவலகத்தில் கணினி முன்னால் உட்கார்ந்திருந்து, அது பிடிக்காமல் இங்கே வந்து சேர்ந்தாள். வந்தபோது அவளுக்குச் செடியைப் பற்றி ஒன்றுமே தெரியாது. அவள் வீட்டில் வைத்த துளசி செத்தது, மல்லிகை செத்தது, யார் வீட்டிலும் சாகாத கற்பூரவள்ளியும் செத்தது. அதை வெட்கமே இல்லாமல் வாடிக்கையாளரிடமும் சொல்வாள். “நான் கொல்லாத செடியே இல்லைங்க!” அவர்கள் சிரிப்பார்கள். நான் அப்படிச் சொல்லியிருந்தால் கடையை விட்டே ஓடியிருப்பார்கள்.

என்னிடம் அவள் கேட்ட கேள்விகள் இப்படித்தான் இருக்கும்.

“துளசிக்கு எவ்வளவு தண்ணி அக்கா?”

“அளவா ஊத்தணும்.”

“அளவான்னா? ஒரு கப்பா, அரைக் கப்பா?”

“மண்ணப் பார்த்தாத் தெரியும்.”

“எனக்குத் தெரியலையே. என்னத்தப் பார்க்கணும்?”

“காஞ்சிருக்கா, ஈரமா இருக்கான்னு.”

“மேல காஞ்சு உள்ள ஈரமா இருந்தா?”

“நீ போய் அந்தத் தொட்டிய இறக்கி வை லா!”

அவள் சிரித்துக்கொண்டே போய்த் தொட்டியை இறக்குவாள். ஆனால் மறுநாள் அதே கேள்வியோடு வந்து நிற்பாள். ஒருநாள் பொறுக்கமுடியாமல் அவள் விரலைப் பிடித்து ஒரு தொட்டி மண்ணுக்குள் முதல் கணு வரைக்கும் அழுத்தினேன். “எடு. மண்ணு ஒட்டியிருக்கா? அப்போ ஊத்தாத. ஒட்டலையா? ஊத்து. போதுமா?” அவள் தன் விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். கையேட்டின் முதல் படம் அந்த விரல்தான்.

என் விரல் அல்ல, அவள் விரல்.

புத்தகத்தை நான் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்தேன். படித்தேன் என்பதைவிட, தப்பு தேடினேன் என்பதுதான் சரி. மெல்லிய புத்தகம், கம்பிச் சுருள் போட்டுக் கட்டியது, தொட்டிக்குப் பக்கத்தில் விரித்து வைத்தால் மூடிக்கொள்ளாது. ஈரக்கையால் தொட்டாலும் துடைத்துவிடலாம். செடியின் பெயரை வைத்து அடுக்கியிருப்பாள், நன்றாக மாட்டுவாள் என்று நினைத்தேன். பெயர் தெரியாதவர்கள்தானே பாதிப்பேர் வருகிறார்கள்? ஆனால் அவள் அப்படி அடுக்கவில்லை. ‘இலை மஞ்சளாகிறது’, ‘இலை சுருள்கிறது’, ‘மொட்டு விழுகிறது’, ‘வெள்ளையாக ஏதோ ஒட்டியிருக்கிறது’ என்று, கண்ணுக்குத் தெரிவதை வைத்து அடுக்கியிருந்தாள். என்னிடம் வந்து கேட்டவர்களின் வார்த்தைகள் அவை. இத்தனை வருடம் என் காதில் விழுந்தவை. எனக்கு அவற்றுக்குப் பதில் சொல்லத்தான் தோன்றியது. அவளுக்கு அவற்றையே தலைப்பாக வைக்கத் தோன்றியிருக்கிறது.

படங்களும் அப்படித்தான். பூத்துக் குலுங்குகிற படம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் நோய் பிடித்த இலை, அழுகிய வேர். கடைக்காரர் முதலில் கத்தினார். “செத்த செடியாப் போட்டிருக்கியே, நாம என்ன சாவு வீடா நடத்துறோம்?” எனக்கு உள்ளுக்குள் இனித்தது. ஆனால் கடைசிப் பக்கத்தைப் படித்ததும் அவர் அடங்கிவிட்டார். ‘இவ்வளவும் செய்து செடி பிழைக்கவில்லையா? உங்கள் தவறு இல்லை. வேறொன்று வாங்குங்கள்.’ “இந்தப் பக்கம் ரொம்ப நல்லா இருக்கு” என்றார்.

என்னை அதிகம் சுட்டது துளசிப் பக்கம். அதைச் சொல்வதற்கு, ஆங் மோ கியோவிலிருந்து வரும் அம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும். என்னைவிட மூத்தவர், எப்போதும் பூப்போட்ட கைப்பையோடு வருவார். சில மாதத்துக்கு ஒருமுறை புதிய துளசி வாங்குவார். பழையது செத்திருக்கும். அது ஏன் செத்ததென்று எனக்குத் தெரியும். காலையில் குளித்துவிட்டு அவர் ஒரு சொம்பு ஊற்றுவார், பிறகு அவர் கணவர் ஊற்றுவார், வேலைக்குக் கிளம்பும்போது மருமகளும் ஊற்றுவாள். மூன்று பேரும் கும்பிட்டு ஊற்றுகிற தண்ணீர். அடுக்குமாடி வீட்டுக் காரிடோரில் பாதி வெயில், அதில் அந்தச் சின்னத் தொட்டி எப்படிக் காயும்? வேர் அழுகிப்போகும். செடி வாடினால், பாவம், தண்ணீர் போதவில்லையென்று இன்னும் ஊற்றுவார்கள்.

இதை அவரிடம் நான் சொன்னதில்லை. நான் கழுத்தில் சிலுவை போட்டிருப்பவள். சாமிக்கு ஊற்றுகிற தண்ணீரைக் குறை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “அளவா ஊத்துங்கம்மா” என்பேன். “அளவாத்தானேம்மா ஊத்துறோம்” என்பார். இரண்டு பேரும் சிரித்துக்கொள்வோம். அவர் துளசியை வாங்கிக்கொண்டு போவார். அவர் திரும்பி வருவது எனக்குப் பிடித்துமிருந்தது.

கையேட்டின் துளசிப் பக்கம் ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கிறது. ‘உங்கள் வீட்டில் துளசிக்கு எத்தனை பேர் தண்ணீர் ஊற்றுகிறீர்கள்?’ அதற்குக் கீழே: ‘ஒருவருக்கு மேல் என்றால், தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம் வையுங்கள். ஒருவர் மட்டும், விரலால் பார்த்துவிட்டுச் செடிக்கு ஊற்றட்டும். மற்றவர்கள் கிண்ணத்தில் ஊற்றிக் கும்பிடட்டும்.’

யாரையும் குறை சொல்லவில்லை. யாரையும் கும்பிடவேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஆங் மோ கியோ அம்மா அந்தப் புத்தகத்தை வாங்கிப்போனார். அதற்குப் பிறகு துளசி வாங்க வரவில்லை. துளசி பிழைத்துவிட்டது என்று அர்த்தம். செடிக்கடையில் வேலை பார்ப்பவள் அதற்குச் சந்தோஷப்படவேண்டும். நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தப்பு கடைசியில் கிடைத்தது. புத்தகத்தில் அல்ல, செம்பவாங்கில் என் வீட்டுக் காரிடோரில் கிடைத்தது. டெங்கிக் கொசுச் சோதனைக்காக அதிகாரிகள் இரண்டு பேர் டார்ச் விளக்கோடு வந்து ஒவ்வொரு தொட்டியின் அடித்தட்டையும் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரரின் தட்டில் கொஞ்சம் தண்ணீர் நின்றதற்கு அவரைக் கூப்பிட்டுப் பேசினார்கள். நான் என் வீட்டுக் கதவைப் பிடித்தபடி நின்றேன். கிண்ணம்! கிண்ணத்தில் தண்ணீர் வைக்கச் சொன்னாளே, அதை அப்புறம் என்ன செய்யவேண்டும் என்று எங்கேயும் எழுதவில்லையே!

உள்ளே போய்ப் புத்தகத்தைப் பார்த்தேன். எழுதவில்லைதான். அன்று கடைக்குப் போகும் ரயில் மிகவும் மெதுவாகப் போனதாகத் தோன்றியது. இந்தச் செய்தியைச் சொல்லும்போது அவள் முகம் எப்படி மாறும் என்று வழியெல்லாம் நினைத்துப் பார்த்துக்கொண்டு போனேன்.

“உன் கிண்ணத்துல கொசு முட்டை போடும்” என்றேன். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

அவள் ஒரு நொடி யோசித்தாள். “ஐயையோ! ஆமால்ல!” என்று தலையில் கை வைத்துக்கொண்டு, கவிழ்த்து வைத்திருந்த தொட்டிமேல் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். “பாஸ்! இங்க வாங்க! அக்கா எவ்வளவு பெரிய தப்பு கண்டுபிடிச்சிருக்காங்க பாருங்க! நாமளே கொசு வளர்க்கச் சொல்லிக் குடுத்திருக்கோம்!”

அவள் முகம் வாடவே இல்லை. என் தப்பை ஒருவர் சொன்னால் நான் மூன்று நாள் சாப்பிடமாட்டேன். அவள் ஊரைக் கூட்டிச் சொல்கிறாள். புத்தகத்தைவிட, அன்று நான் அதிகமாகப் பொறாமைப்பட்டது அந்தச் சிரிப்பின்மேல்தான்.

மீதியிருந்த புத்தகங்களில் அன்றே ஒரு துண்டுத்தாள் ஒட்டினோம். வாங்கிப்போன வாடிக்கையாளர்களில் தெரிந்தவர்களுக்குக் கைப்பேசியில் செய்தியும் அனுப்பினாள். அடுத்த அச்சுக்குச் சரியாக எழுதவேண்டும் என்றாள்.

“அந்தத் தண்ணிய என்ன பண்ணச் சொல்றது அக்கா? சாமி கும்பிட்ட தண்ணி. சாக்கடையில ஊத்துங்கன்னு எழுதினா என் மாமியாரே என்னை அடிப்பாங்க.”

“எங்க கோவில்ல மந்திரிச்ச தண்ணி மீந்தா சாக்கடையில ஊத்த மாட்டோம்” என்றேன். “மண்ணுலதான் ஊத்துவோம். யாரும் மிதிக்காத இடமா பார்த்து. பக்கத்துல ஒரு பண்டான் வைக்கச் சொல்லு. அது எவ்வளவு ஊத்தினாலும் குடிச்சுக்கும்.”

அவள் என்னையே பார்த்தாள். “இதை நீங்களே எழுதுங்க அக்கா.”

எழுதினேன். ‘தேங்கிய நீரால் பரவும் நோய்கள் பல’ என்று ஆரம்பித்து, ‘எனவே நீரை முறையாக அகற்றிவிட வேண்டும்’ என்று முடித்தேன். பள்ளிக் கட்டுரைபோல நன்றாக வந்ததாக எனக்கே ஒரு பெருமை. அவள் படித்தாள். தலையைச் சாய்த்தாள்.

“முறையான்னா எப்படி அக்கா?”

அன்று தொட்டி இறக்கச் சொல்லி அவளை விரட்டவில்லை. தாளை வாங்கி மடித்து வைத்துக்கொண்டேன். வீட்டில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து மறுபடி எழுதினேன். ஆங் மோ கியோ அம்மா காரிடோரில் கிண்ணத்தோடு நிற்கிறார். இப்போது அவர் கை என்ன செய்யவேண்டும்? அதை மட்டும் எழுதினால் போதும். அவருக்கு ஏற்கெனவே தெரிந்ததும் வேண்டாம், எனக்கு எவ்வளவு தெரியும் என்பதும் வேண்டாம். அப்படிப் பார்த்ததில், எழுதிய தாளில் பெரும்பகுதி போய்விட்டது. மிஞ்சியது நாலு வரி. அந்த நாலு வரி எனக்கே ஓர் ஆளிடம் நேரில் சொல்வதுபோல் இருந்தது.

“உங்க பேரையும் போடவா அக்கா?” என்று கேட்டாள்.

“ஐயோ, வேணாம் லா” என்றேன். இன்னொரு தடவை கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

புதிய அச்சு வந்து கொஞ்ச நாள் கழித்து ஆங் மோ கியோ அம்மா கடைக்கு வந்தார். பூப்போட்ட கைப்பை, அதற்குள் கையேடு. பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கிப் போயிருக்கிறார், நான் விடுப்பில் இருந்த நாளில்.

“துளசி எப்படிம்மா இருக்கு?”

“காடா வளர்ந்திருக்கும்மா! ஒரு பண்டான் குடு. புக்குல போட்டிருக்கு.”

நல்லதாக ஒரு பண்டானை எடுத்துக் கொடுத்தேன். “கிண்ணத்துத் தண்ணிய அன்னன்னைக்கே பண்டானுக்கு ஊத்திடுங்கம்மா. ஊத்திட்டுக் கிண்ணத்தத் துடைச்சுக் கவுத்து வச்சிடுங்க. பண்டானுக்கு அடியில தட்டு வேணாம்.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு புத்தகத்தைத் திறந்தார். என் நாலு வரிமேல் விரலை வைத்து, உதடசைய ஒவ்வொன்றாகப் படித்தார். பிறகு என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

“சரியாத்தான் சொல்றே. அந்தப் பொண்ணு எவ்வளவு தெளிவா எழுதியிருக்கு பாரேன்! நீயும் ஒண்ணு எடுத்துப் படிம்மா. உன் வேலைக்கு உதவும்.”

“படிக்கிறேம்மா” என்றேன். என் வாயால் சொன்னபோது நம்புவதற்கு முன் சரிபார்த்தார். அச்சில் இருந்தபோது உடனே நம்பினார். இரண்டும் நான்தான். அந்த நாலு வரிமேல்கூட எனக்கு எரிச்சல் வந்தது.

அவர் பையை எடுத்துக்கொண்டு இரண்டடி வைத்தார். திரும்பினார்.

“ஏம்மா, இந்தப் பண்டான வெயில் பக்கம் வைக்கவா, நிழல்ல வைக்கவா? புக்குல பார்த்தேன், அது இல்லையே.”

‘அளவான வெயில்’ என்று நாக்கு நுனி வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டேன். “உங்க வாசலுக்குக் காலையில வெயில் வருமா, சாயங்காலம் வருமாம்மா?” என்று கேட்டேன். அவர் பையைக் கீழே வைத்துவிட்டு, கையை நீட்டி இந்தப் பக்கம் லிஃப்ட், அந்தப் பக்கம் படி என்று காட்ட ஆரம்பித்தார்.

மல்லிகைத் தொட்டிகளுக்கு அந்தப் பக்கம் அவள் நின்றிருந்தாள். கையில் கைப்பேசி. அடுத்த அச்சுக்காக, அந்த அம்மாவின் கேள்வியைத்தான் தட்டிக்கொண்டிருந்தாள்.

நான் அம்மாவுக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போய், குரலைத் தாழ்த்திக்கொண்டு பதில் சொன்னேன்.