ஓட்டுப் போடாமல் மை வைத்துக்கொண்டேன்

இதை எழுதலாமா வேண்டாமா என்று நான்கு வருடம் தயங்கினேன். பேனாவை எடுத்தாலே கண் இடது கை விரலுக்குப் போகும், மூடி வைத்துவிடுவேன். ஓய்வு பெற்றபின் இப்போதுதான் தைரியம் வந்தது.

திருத்தணியில் ஒரு பள்ளியில் அட்டெண்டராக இருந்தேன். தேர்தல் வந்தால் பூத்தில் மை வைக்கிற டூட்டி. ஓட்டு ஒரு ஊரில், டூட்டி ஒரு ஊரில். தபால் ஓட்டுக்கும் எழுதிக் கொடுத்ததில்லை. அதனால் அத்தனை பேருக்கு மை வைத்த நான் ஒரு தடவையும் ஓட்டுப் போட்டதில்லை.

அந்த முறை அம்மையார்குப்பத்தில் பூத். முந்தின ஞாயிறு எங்கள் பாஸ்டர், "ஜெபம் பண்றவன் ஓட்டும் போடணும். அடுத்த வாரம் எல்லாரும் ஆராதனையில விரலைக் காட்டணும்" என்று சொல்லிவிட்டார். என் விரலில் காட்டுவதற்கு எப்போதும் மை இருந்ததில்லை.

தேர்தலன்று மதியம் கூட்டம் குறைந்தது. மை பாட்டில் கையிலேயே இருந்தது. யாரும் பார்க்காதபோது என் விரலில் ஒரு கோடு இழுத்தேன். நகமும் தோலும் சேர, பயிற்சியில் சொன்ன மாதிரியே.

உடனே மனசு குத்தியது. மன்னிப்புக் கேட்டு ஜெபிக்கலாம் என்று பையிலிருந்த பைபிளை எடுத்துத் திறந்தேன். உள்ளே மடித்த தாள் ஒன்று. பயிற்சியில் கொடுத்தது, ஏதோ நோட்டீஸ் என்று நினைத்துப் பக்க அடையாளத்துக்கு வைத்திருந்தேன். பிரித்தால் தேர்தல் பணிச் சான்று. டூட்டி பூத்திலேயே ஓட்டுப் போடலாம் என்று என் பெயருக்கு வந்தது.

கர்த்தர் வழி வைத்திருந்தார். நான்தான் ஒரு நிமிஷம் அவசரப்பட்டுவிட்டேன்.

பிரிசைடிங் ஆபீசர் ஒரு டீச்சரம்மா. தாளைப் பார்த்து, "போடுங்கண்ணா, இன்னா யோசிச்சிகினு நிக்கிறீங்க? விரலைக் காட்டுங்க" என்றார்.

காட்டினேன். காலையிலிருந்து சண்டை போட்ட இரண்டு கட்சி ஏஜெண்டுகளும் முதல் முறையாக ஒன்றுசேர்ந்தார்கள்.

"இன்னா நைனா, மை வெக்கிறவருக்கே ரெண்டு ஓட்டா?" என்றார் ஒருவர்.

மற்றவர் இரக்கப்பட்டார். "மூடி தொறக்கசொல்ல கொட்டிடுச்சா? ஆங்னு சொல்லு, உட்டுடறோம்."

ஒரு ஆங் சொன்னால் போதும், முதல் ஓட்டு கிடைத்துவிடும். ஆனால் கையில் பைபிள் இருந்தது.

"இல்லீங்க. சர்ச்சுல காட்றதுக்கு நானே வெச்சிகினேன்."

டீச்சரம்மா சிரிப்பை அடக்கினார். "மை இருந்தா ஓட்டு கிடையாதுண்ணா. காத்தால ஒருத்தரை நீங்களேதான திருப்பி அனுப்பினீங்க."

ஞாயிற்றுக்கிழமை சபையில் எல்லாரும் விரலை நீட்டினார்கள். என் கோடுதான் நல்ல கருப்பு. பாஸ்டர் என் கையைத் தூக்கிப் பிடித்து, "இதான் சாட்சி" என்றார். நான் உள்ளதைச் சொன்னேன். பெண்கள் பக்கம் என் மனைவிதான் முதலில் சிரித்தாள்.

பாஸ்டர் கையை மெதுவாக இறக்கினார். "சரிங்கய்யா. அடுத்த தேர்தலுக்காச்சும் பைபிளை முன்னாடியே தொறங்க."

கற்ற பாடம் அவ்வளவுதான். இதை யாருக்காவது சொன்னால் உள்ளபடியே சொல்லுங்கள். பாவமாக இருக்கிறதே என்று கடைசியில் எனக்கு ஓட்டு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். கிடைக்கவில்லை.