ஆணி அடிக்காத வீடு

யாகப்பு அத்தானை அடக்கம் செய்த அன்று வந்தவர்கள் எல்லாரும் ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள். நேர்மையான மனிதர். 1994 மாசி மாதம், வெள்ளைக்காரரின் பழைய கல்லறைத் தோட்டமான சேமக்காலைக்குள், என் அக்கா மக்டலீனுக்குப் பக்கத்தில் அவரைக் கிடத்தினோம். நேர்மையானவர்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. அந்த நேர்மைதான் என் அக்காவைத் தின்றது என்பதை மட்டும் அங்கே ஒருவரும் சொல்லவில்லை. ஆகவே நான் சொல்கிறேன்.

அவர் மீன்பிடிக் கரையான குருநகரில் பிறந்தவர். பிறவியிலேயே ஒரு கால் சூம்பல். கடலுக்குப் போகாத ஆம்பிளைக்குக் கரையில் என்ன மரியாதை என்று எங்களுக்குத் தெரியும். வலை காயப்போட்டார், கூடை தூக்கினார், தன்னைவிட இளையவர்களிடம் ஏச்சு வாங்கினார். 1983 தொடக்கத்தில் இந்த வெள்ளைக்காரர் சேமக்காலையில் காவல்காரர் வேலை கிடைத்தது. அதோடு குடியிருக்க, சேமக்காலை வாசலில் நிற்கும் கேற் வீடும் கிடைத்தது.

அது விக்டோரியா ராணி காலத்து வீடு. வாசல் வளைவில் 1874 என்று வெட்டியிருக்கும். கடலில் எடுத்த முருகைக்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய தடித்த சுவர். கோயில் யன்னல்போல மேலே கூராக முடியும் யன்னல்கள். பனி கொட்டும் தேசத்துக்குப் போட வேண்டிய செங்குத்துக் கூரை. எல்லாவற்றிலும் பெரிய பகிடி, குளிர் காய ஓர் அடுப்பும் அதற்கொரு புகைபோக்கியும். யாழ்ப்பாணத்து வெயிலில்! எந்தத் துரை அதில் நெருப்பு மூட்டினானோ, ஆண்டவருக்குத்தான் வெளிச்சம். அக்கா அதற்குள் கோழியை அடை வைத்தாள். அத்தான் அன்றைக்கே கோழியையும் முட்டையையும் வெளியே எடுத்து வைத்தார்.

காரணம், அந்தப் பலகை. அதே வருசம் சித்திரை மாதம், பழைய கட்டடங்களைக் காக்கும் கொழும்புக் கந்தோரில் இருந்து ஒரு பெரியவர் வந்து, இது பாதுகாக்கப்பட்ட கட்டடம், வீட்டிலோ வளவிலோ இடிப்பதும் மாற்றுவதும் தோண்டுவதும் குற்றம் என்று மூன்று மொழியில் எழுதிய பலகையை நட்டார். போகும்போது அத்தானுக்குக் கைகொடுத்து, இனி இதற்கு நீங்கள்தான் பொறுப்பு என்றாராம். அத்தானுக்கு அதுவரை ஒருவரும் கைகொடுத்ததில்லை. ஆடி மாதம் கலவரத்தில் நாடு எரிந்தது. அந்தப் பெரியவர் பிறகு வரவில்லை. பலகை நின்றது.

அக்கா திருஇருதயப் படத்தை மாட்ட ஓர் ஆணி கேட்டாள். அத்தான் மாட்டேன் என்றார். படம் புகைபோக்கி விளிம்பில் சாய்ந்தபடியே இருந்தது. சமையலும் வெளியே ஓலைக் கொட்டிலில்தான். இதையெல்லாம் அக்கா சிரித்துக்கொண்டே எனக்குச் சொல்லுவாள். நானும் சிரித்தேன். என் வாயில் மண்!

1990 ஆனியில் சண்டை திரும்பவும் தொடங்கியது. குண்டு போடும் பொம்பர் வராத நாளில்லை. வீட்டுக்கு வீடு பதுங்கிக்கொள்ளப் பங்கர் வெட்டினார்கள். ஊர் ஓடினால் ஒத்தோடு என்பார்கள். எங்கள் அத்தானுக்கோ தான் பிடித்த முயலுக்கு மூன்று கால். எதிர்வீட்டு ஏரம்பு மண்வெட்டியோடும் பனங்குற்றியோடும் வந்து, யாகப்பண்ணை, அரை நாளில் வெட்டித் தருகிறேன் என்று நின்றார். அத்தான் அவரைக் கேற்றிலேயே மறித்தார். கொழும்புக்கு எழுதியிருக்கிறேன், அனுமதி வரட்டும் என்றார். உண்மையாகவே எழுதியிருந்தார். ஆறடி நீளம், நாலடி அகலம், சுவரில் இருந்து பத்தடி தள்ளி என்று படமும் கீறி அனுப்பியிருந்தார்.

நான் போய்ச் சண்டை பிடித்தேன். அக்கா என் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தாள்.

"விடடி ஸ்ரெல்லா. அந்தாளுக்கு இருக்கிறது உந்த ஒரு மரியாதைதான். நான் ஏரம்பு வீட்டை ஓடுவன்."

அப்படித்தான் ஓடினாள். பொம்பர் இரைச்சல் கேட்டால் ஒழுங்கையைக் கடந்து ஏரம்பு வீட்டுப் பங்கருக்குள் போய்விடுவாள். அத்தான் கால் ஏலாமல் வளைவுக்குக் கீழே நிற்பார். இரண்டு மாதம் ஓடினாள். ஆவணியில் ஒரு காலை, ஒழுங்கையின் நடுவில் குண்டுச் சிதறல் அவளைப் பிடித்தது. ஏரம்புவின் படலை வாசலுக்கு இன்னும் ஆறேழு அடிதான் இருந்தது. கேற் வீட்டில் ஓர் ஓடுகூட உடையவில்லை.

கோயில் சேமக்காலைக்குக் கொண்டுபோக வழியில்லை, தெருவெல்லாம் ஷெல் விழுந்துகொண்டிருந்தது. பங்குச்சுவாமி சைக்கிளில் வந்து கேற் வீட்டு வளவு மண்ணையே மந்திரித்தார். அவளைப் புதைக்கும் கிடங்கை அத்தான் தானே வெட்டினார். சுவரில் இருந்து பத்தடி தள்ளி. அன்றைக்கு அவர் எந்தக் கந்தோரையும் கேட்கவில்லை. செத்தவர்களுக்கு வெட்டலாம், உயிரோடு இருக்கிறவர்களுக்கு வெட்டக் கூடாது. என்ன சட்டம் இது?

கொழும்பில் இருந்து பதில் அடுத்த வருசம் பங்குனியில் வந்தது. எந்தக் கப்பலில் எத்தனை நாள் கிடந்ததோ, உறை கந்தலாகியிருந்தது. அத்தானுக்குக் கண் மங்கல் என்பதால் நான்தான் வாசித்தேன். அடக்கத்துக்கு அல்லாமல் வேறெந்தத் தேவைக்கும் அந்த வளவில் தோண்ட அனுமதி இல்லை. அவ்வளவுதான். அத்தான் இன்னொருதரம் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"அப்ப நான் பிழை விடேல்லை," என்றார்.

நான் கொட்டிலில் கிடந்த சுத்தியலை எடுத்துவந்து, அவர் கண்ணுக்கு முன்னாலேயே அந்தச் சுவரில் ஆணி அடித்து அக்கா கேட்ட திருஇருதயப் படத்தை மாட்டினேன். அவர் தடுக்கவில்லை. அடுத்த ஞாயிறு போனபோது ஆணி இல்லை. ஓட்டையைச் சுண்ணாம்பு வைத்துப் பூசியிருந்தார். படம் பழையபடி விளிம்பில் சாய்ந்திருந்தது. நீங்கள் மனிசனா என்று கேட்டேன். அத்தான் அழுதுகொண்டிருந்தார்.

"இப்ப நான் ஒரு ஆணிக்கு விட்டால், அண்டைக்கு அவளுக்கு ஏன் பங்கர் வெட்டேல்லை எண்டு ஆருக்குச் சொல்லுறது, ஸ்ரெல்லா?"

நான் வந்துவிட்டேன். அவர் சாகும்வரை நான் அந்தக் கேற்றுக்குள் காலெடுத்து வைக்கவில்லை.

அடக்கம் முடிந்து எல்லாரும் போன பிறகு, கொண்டுபோன ஆணியோடும் சுத்தியலோடும் அந்தச் சுவருக்கு முன்னால் நின்றேன். பூசிய சுண்ணாம்பு அந்த இடத்தில் மட்டும் வெள்ளையாக இருந்தது. இனித் தடுக்க ஆளில்லை. ஆணியை வைத்தேன், ஆருக்குச் சொல்லுறது என்று அத்தான் அழுதபடி கேட்டது நினைவுக்கு வந்தது, எடுத்துவிட்டேன். படத்தைத் துடைத்து, விளிம்பிலேயே சாய்த்து வைத்துவிட்டு வந்தேன்.