ஆமென் வரைக்கும் காத்திருந்த பன்னி

போன வருஷம் அறுப்பின் பண்டிகைக்கு ஒரு பன்னி தருவதாகச் சபையில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். பண்டிகையன்று காணிக்கைப் பொருட்களை ஏலம் விடுவார்கள். மற்றவர்கள் வாழைக்குலை, தேங்காய், கோழி என்று சொல்ல, என் நாக்கு மட்டும் பன்னிக்குப் போயிற்று.

வாங்கின குட்டி நல்ல குட்டிதான். ஆனால் மாதங்கள் போயும் முதுகெலும்பு தெரிந்தது. தீனி போதவில்லை என்று நினைத்து அவித்த மரச்சீனிக் கிழங்கு, தவிடு, புண்ணாக்கு எல்லாம் கூட்டிப் போட்டேன். அள்ளி விழுங்கும், பிறகு கழியும். உடம்பில் ஒன்றும் ஒட்டவில்லை. எலும்பும் தோலுமாய் ஒன்றைக் கர்த்தருக்கென்று எப்படி இழுத்துக்கொண்டு போவது?

கால்நடை டாக்டரைக் கூட்டி வந்தேன். புழுவுக்கு மருந்து கொடுத்துவிட்டு, "சாயங்காலத் தீனி எத்தனை மணிக்கு அண்ணே?" என்றார்.

"குடும்ப ஜெபம் முடிஞ்ச உடனே."

"ஜெபம் எப்ப முடியும்?"

என் வீட்டுக்காரி முந்திக்கொண்டாள். "அது கர்த்தருக்கு மட்டும்தான் தெரியும் டாக்டரே."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "தினமும் ஒரே நேரத்துல போடணும். பசியில கத்தி அலைஞ்சா மெலியும். அப்புறம் ஆவேசமா விழுங்கினா செரிக்காது. தண்ணி எப்பவும் கிடக்கணும்."

அவர் சொன்னதில் தப்பில்லை. வீட்டுக்காரியும் காலேஜில் படிக்கிற மகளும் முழங்காலில் நிற்க, நான் ஊழியக்காரர்கள், வியாதியஸ்தர்கள், குளச்சலில் கடலுக்குப் போனவர்கள், கல்ஃபில் இருக்கிற மச்சினன் என்று ஒருவரையும் விடமாட்டேன். அந்நேரம் கூட்டில் பன்னி அலறும். இது சோதனை என்று நினைத்து நானும் குரலை உயர்த்துவேன்.

ஆனாலும் மனசு ஒப்பவில்லை. "தேவனுக்கு முந்தி பன்னிக்கா?" என்றேன்.

"அவருக்குன்னு பொருத்தனை பண்ணுன பன்னியாக்கும் அது," என்றாள் வீட்டுக்காரி. "அதைப் பட்டினி போட்டுட்டு அவருகிட்டயே மணிக்கணக்கா பேசிட்டு இருக்கியளே, அவரு என்ன நினைப்பாரு?"



மறுநாள் முதல் ஆறு மணிக்குத் தீனி, அதற்குப் பிறகு ஜெபம். வயிறு நிறைந்த பன்னி குறட்டை விட்டது. கழிச்சல் நின்றது, முதுகு உருண்டது. பண்டிகையன்று அதைப் பார்க்கச் சபையே கூடிவிட்டது. "அப்படி என்ன தீனிவே போட்டீரு?" என்று ஒருவர் கேட்டார். நான் வாய் திறக்குமுன், "ஜெபத்துக்கு முந்தின தீனி" என்றாள் வீட்டுக்காரி.

அன்று சாயங்காலம் கூடு காலி. கர்த்தர் என் வாக்கைக் காப்பாற்றியிருந்தார். நன்றி சொல்ல எவ்வளவோ இருந்தது, சொல்லிக்கொண்டே போனேன். அடுக்களையில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. வியாதியஸ்தர்களைத் தாண்டி நான் கல்ஃபுக்குப் போய்ச் சேர்ந்தபோது, பின்னாலிருந்து அசல் பன்னி மாதிரியே ஒரு அலறல்.

கண்ணைத் திறந்து திரும்பிப் பார்த்தேன். மகள் கைகூப்பி, கண்ணை இறுக மூடி, மகா பக்தியாக முழங்காலில் நின்றாள்.

"ஆமென்" என்றேன்.