வலையில்லாத கையுறை

அப்போது நான் குன்னூரில் ஒரு பழைய கிளப்பின் கௌரவச் செயலாளர். என் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. கண்ணாடிப் பேழையில் காட்சிக்கு வைக்க, யாரோ எப்போதோ விட்டுப்போய்க் கிடங்கில் கிடந்த பேஸ்பால் கையுறையை வாட்ச்மேனிடம் கேட்டேன். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே வலை பின்னும் வழக்கம் வருமுன் தைத்தது. விரல்கள் கோணிய அவர் வாரந்தோறும் அதற்கு எண்ணெய் தடவி, வடிவம் கெடாமலிருக்க உள்ளங்கைக் குழியில் பந்தை வைத்துக் கட்டிவைப்பார்.

“கண்ணாடிக்குள்ள பூட்டீராதீங்க ஐயா. அவரு வந்து கைய உடோணுமில்லீங்களா?”

“யாருய்யா அவரு?”

“தெரியாதுங்க. நீங்களே கைய உட்டுப் பாருங்க.”

விட்டேன். அந்த உறைபனிக் காலையிலும் தோலின் உட்புறம், யாரோ அப்போதுதான் கழற்றியதுபோல் வெதுவெதுப்பாக, வியர்வையில் நனைந்திருந்தது. அதை என்னிடம் நீட்டிய வாட்ச்மேனின் விரல்களோ சில்லிட்டிருந்தன.

கையுறையை அவரிடமே கொடுத்துவிட்டேன். ஓய்வுபெற்றபோது அவர் அதைத் திருடிச் சென்றதாகக் கிளப்பில் இன்றும் சொல்கிறார்கள். அது பொய். நான்தான் கொடுத்தேன்.